கெட்ட ரத்தம்

1994-ல், எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது நான் வயசுக்கு வந்தேன். பாவாடையில் கறையைப் பார்த்ததும் வயிற்றுக்குள் ஏதோ கிழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எதையும் தொடாத. அங்கனயே நில்லு" என்றாள். அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

புறவாசலில் தனிப் பாய், தனித் தட்டு. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் வந்தன. பழைய சேலையைக் கிழித்து எப்படி மடித்து வைப்பதென்று அத்தை காட்டினாள். ஏன் வருகிறது, எப்போது நிற்கும், மறுபடியும் வருமா என்று யாரும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் 'பூப்புனித நீராட்டு விழா' என்று பத்திரிகை அடித்து, குழாய் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். தாய்மாமன் சீரோடு வந்தார். மைக் வைத்து ஊருக்கே சொன்ன சேதியை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு அம்மாவின் மேல்தான் இருந்தது.

2019-ல் என் மகளுக்குப் பத்து வயது. நான் பட்டது அவளுக்கு வேண்டாமென்று ஒரு நாள் தாளில் படம் வரைந்து விளக்கினேன். கரு தங்குவதற்காகக் கருப்பையின் உட்சுவர் தடிக்கும். கரு தங்காவிட்டால் அது உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறும். சில நாட்களில் நின்றுவிடும். தொடக்கத்தில் மாதம் தவறியும் வரலாம். பக்கத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் விளையாடப் போனதும் மெல்லக் கேட்டாள்:

"அப்போ அது கெட்ட ரத்தம் இல்லியாட்டி?"

நான்கு பிள்ளை பெற்றவள். மாதவிலக்கு நின்று பல வருடம் ஆகியிருந்தது.

"இல்லம்மா. நீ ஏன் அன்னைக்கு எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல?"

"தெரிஞ்சாத்தான சொல்லுததுக்கு?"

பிறகு அவளாகவே சொன்னாள். அவள் வயசுக்கு வந்த அன்றே புத்தகப் பை பரணுக்குப் போனதாம். அப்போது ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் அவள்தான் முதல். "உன்னையும் நிப்பாட்டிரணும்னுதான் உங்க ஆச்சி ஒத்தக்கால்ல நின்னா. நான் மூணு நாள் சோறு திங்கல. அப்புறம்தான் உங்க அப்பா சரின்னாரு."

சடங்கு முடிந்த மறுநாளே நான் பள்ளிக்கூடம் போனேன். முழுப்பரீட்சை எழுதினேன். அதற்காக வீட்டில் ஒருத்தி பட்டினி கிடந்தது எனக்குத் தெரியாது. பக்கத்து அறையில் நடந்த சண்டை புறவாசலுக்குக் கேட்கவில்லை.

இதைக் கேட்ட பிறகும் அந்தப் பதினாறு நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அதை அம்மாவின் கணக்கில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அம்மா கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை எடுத்தாள்.

"இதுல முட்டை எங்கனருந்து வருது? மொதல்லருந்து சொல்லு."