சூடு, மூலம், அப்புறம்

கம்பம் பள்ளத்தாக்கில் மலத்தோடு ரத்தம் போனால் யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை. "சூடுடா, மோர் குடி" என்பார்கள். அடுத்த மாதமும் போனால் மூலம். அதற்கு பஸ் ஸ்டாண்ட் சுவரிலேயே நோட்டீஸ் இருக்கும்.

சின்னமனூரில் என் சித்தப்பா மகன் இப்படியே எட்டு மாதம் ஓட்டினான். வயது 34. மதுரையில் கொலோனோஸ்கோபி செய்தபோது பெருங்குடலில் கட்டி, மூன்றாம் நிலை. ஊர் உடனே காரணம் சொன்னது: புரோட்டா, குடி. அவன் கேட்டது வேறு: "திராட்சைக்கு மருந்தடிச்சதுனாலயாண்ணே?"

கோளாறு என்றால் லாக் ஃபைலைத் திறப்பது என் தொழில். 2025இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு அந்த மாதிரிதான். 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் கட்டிகளில் மரபணுத் தடயங்களைப் படித்திருக்கிறார்கள். குடலில் வாழும் சிலவகை இ.கோலை பாக்டீரியா 'கோலிபாக்டின்' என்ற நச்சைச் சுரக்கும். டிஎன்ஏவில் அது விடும் தடம், 70 வயதுக்கு மேல் நோய் கண்டவர்களைவிட 40க்குள் கண்டவர்களிடம் 3.3 மடங்கு அதிகம். பத்து வயதுக்குள்ளேயே அது விழுந்திருக்கலாம் என்கிறார்கள். அதுதான் காரணம் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.

அந்த 11 நாடுகளில் இந்தியா இல்லை. அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். 34க்கு அதுவும் எட்டாது. அவன் வயதில் உள்ளவர்களுக்கு முதல் பரிசோதனை, ரத்தத்தைப் பார்த்ததும் டாக்டரிடம் போவதுதான்.

"பத்து வயசுலன்னா, நான் ஒண்ணும் பண்ணலல்லண்ணே?" என்றான், மூன்றாவது கீமோ முடிந்த அன்று.

"இல்லடா" என்றேன்.