சொல்லப்பட வேண்டிய குறை

 

கொடுக்கல் வாங்கல் பற்றிய மார்க்கச் சட்டங்களை ஆண்டுதோறும் மத்ரஸா மாணவர்களுக்குப் பாடமாக நடத்தி வருகிறேன். அந்தப் பாடத்தின் முதற்படியிலேயே அண்மையில் நான் தவறினேன். அதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் பழைய வாகனமோ பழைய பொருளோ விற்காத குடும்பம் நம்மில் இல்லை. அதனால் யாருக்கேனும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

எங்களிடம் பல ஆண்டுகள் ஓடிய சிறிய கார் ஒன்று இருந்தது. வில்லியனூரிலிருந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு வகுப்பெடுக்கச் செல்வதற்கு அதுவே துணை. கடந்த கோடையில் அதன் புளோயர், அதாவது காருக்குள் காற்றைத் தள்ளும் விசிறி, தொல்லை தரத் தொடங்கியது. சுவிட்சைத் திருப்பினால் சில நாள் உடனே ஓடும். சில நாள் ஓசையே எழாது. குளோவ் பாக்ஸின் அடியில் கையால் இரண்டு தட்டுத் தட்டினால் திடீரென்று உயிர் பெறும். கோடையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிச் சமாளித்தேன்.

ஐப்பசி மழையில்தான் அதன் ஆபத்து புரிந்தது. ஓர் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுடன் திரும்பிக்கொண்டிருந்தேன். சங்கராபரணிப் பாலத்தை நெருங்கும்போது மழை வலுத்தது. கண்ணாடிகளை ஏற்றியதும், உள்ளே இருந்த ஐவரின் மூச்சிலிருந்த ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து வெண்திரையாகிவிட்டது. புளோயர் ஓடினால் காற்று கண்ணாடியை நோக்கி வீசி, ஏசி அக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி, ஓரிரு நிமிடத்தில் பார்வை தெளியும். அன்று அது ஓடவில்லை. எதிரே வந்த லாரியின் விளக்கு பனிமூட்டத்தில் கரைந்த ஒளியாய்த் தெரிந்ததேயன்றி, லாரி தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி, துண்டால் துடைத்துத் துடைத்து ஓட்டி வந்தோம். அல்லாஹ் காப்பாற்றினான்.

ஒரு பட்டறையில் காட்டியபோது, டாஷ்போர்டைக் கழற்றி முழு அமைப்பையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை என் வருமானத்துக்குப் பெரிது. ஆகவே காரையே விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்து இளைஞர் ஒருவர் ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பின் வந்தார். முதிய தாயாரை அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால் கார் தேடுவதாகச் சொன்னார். இன்ஜினைக் கேட்டுப் பார்த்தார், டயர்களைப் பார்த்தார், புளோயர் சுவிட்சையும் திருப்பினார். அது முதல் திருப்பிலேயே ஓடியது. நான்கு வேகத்திலும் ஓடியது. "ஏசி நல்லா இருக்கு பாய்" என்று மகிழ்ந்து, முன்பணமாக ஐயாயிரம் கொடுத்துவிட்டுச் சென்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மஃரிபுக்கு நடந்து செல்லும்போது பன்னிரண்டு வயது மகன் கேட்டான்: "அத்தா, புளோயர் சில நேரம் ஓடாதுன்னு அவர்கிட்ட சொல்லலையா?"

"அவரே போட்டுப் பார்த்தாரே" என்றேன்.

மகன் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் என்னைத் தொழுகைக்குள்ளும் விடவில்லை.

அன்றிரவு என் மனம் எனக்காக வாதாடியது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. பழைய கார் என்றால் குறை இருக்கும் என்பது யாருக்கும் தெரியும். விலையையும் குறைத்தே கேட்டேன். அவர் சோதித்துப் பார்த்துத்தான் வாங்கினார். ஒவ்வொன்றும் நியாயம் போலவே தோன்றியது. ஆனால் நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நிகழ்ச்சி நினைவுக்கு வந்ததும் அந்த வாதங்கள் நிற்கவில்லை. குவியலின் மேற்புறம் காய்ந்திருந்தது, உட்புறம் ஈரம். மழை பட்டது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கடிந்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் செய்தி இது. அந்த வணிகரும் பொய் எதுவும் சொன்னதாக அதில் இல்லை. மழையும் அவர் செயல் அன்று. ஈரத்தை அடியில் இருக்க விட்டதே அவர் மீதான குற்றம்.

ஃபிக்ஹு நூல்களில் 'கியாருல் ஐப்' என்றொரு சட்டம் உண்டு. ஒப்படைப்பதற்கு முன்பே பொருளில் இருந்து, வாங்கியவருக்குத் தெரியாமல் போன, வணிகர் வழக்கில் விலையைக் குறைக்கும் குறை பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பித்தர அவருக்கு உரிமை உண்டு. குறையைக் கண்டு ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அந்த உரிமை இல்லை. அந்த இளைஞர் சோதித்தது உண்மை. ஆனால் குறையைக் காணவில்லையே! பின்கதவில் உள்ள கீறலை அவர் கண்ணே காட்டும். டயரின் தேய்மானத்தை விரல் காட்டும். சில நேரம் ஓடி, சில நேரம் ஓடாத ஒன்றை, அது ஓடும் வேளையில் எந்தச் சோதனையும் காட்டாது. விற்பவனின் நாவு ஒன்றே காட்டும். அப்படியானால் வந்துபோகும் குறையைத்தான் மற்றெல்லாக் குறைகளுக்கும் முன்னதாகச் சொல்லியாக வேண்டும்.

வாங்குபவர் முஸ்லிம் அல்லாதவர் என்பதும் இதில் எதையும் மாற்றுவதில்லை. அளவிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிக்கும் 83ஆம் அத்தியாயம், அவர்கள் மக்களிடம் நடந்துகொள்ளும் விதத்தையே பேசுகிறது. அந்த மக்களின் மார்க்கத்தை அது கேட்கவில்லை.

கூஃபாவில் துணி வணிகராக இருந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வரலாற்றில் ஒரு செய்தி கூறப்படுகிறது. குறையுள்ள ஆடை ஒன்றைக் காட்டி, சொல்லி விற்கும்படி தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்த விற்பனைத் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். என் நிலையோ இன்னும் எளிது. வாங்கியவரின் கைப்பேசி எண் என்னிடம் இருந்தது.

ஃபஜ்ருக்குப் பின் அழைத்தேன். புளோயரின் குறையையும், மழையிரவில் பட்ட பாட்டையும் சொன்னேன். "நேற்றே சொல்லியிருக்க வேண்டும் தம்பி, என் தவறு. முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இல்லையென்றால் சரிசெய்து தருகிறேன்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் ஓசை இல்லை. பின்னர், "அம்மாவ வச்சுக்கிட்டு மழையில போறப்ப இது தெரிஞ்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் பாய்? சரி பண்ணிடுங்க, நானும் வந்து பாக்கறேன்" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. அது நியாயமானதே.

வில்லியனூரில் நீண்டகாலமாகக் கார் மின்வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் மூவரும் சென்றோம். அவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை. முதலில் பியூஸைக் கழற்றிப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. அதே வகை ரிலே ஒன்றை மாற்றிப் போட்டார். குறை நீடித்தது. "தட்டினா ஓடுதுன்னா எல்லாரும் மோட்டார்ல கார்பன் பிரஷ் தேஞ்சுடுச்சும்பாங்க. பல நேரம் அது சரிதான். ஆனா பாக்காம சொல்லக் கூடாது" என்றார். பிறகு மோட்டாரை இணைப்பிலிருந்து விடுவித்து, பாட்டரியிலிருந்து இரண்டு கம்பிகளால் நேராக மின்சாரம் கொடுத்தார். பத்து முறை கொடுத்தார், பத்து முறையும் ஓடியது. மோட்டார் குற்றவாளி அன்று.

அடுத்து புளோயர் சுவிட்சை நான்காம் வேகத்தில் வைத்தார். குறைந்த வேகங்களில் மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகச் சென்று குறைக்கப்படுகிறது, உச்ச வேகத்தில் ரெசிஸ்டரைத் தவிர்த்து நேராகச் செல்கிறது. ஆகவே சோதிக்க ஏற்றது உச்ச வேகமே என்று விளக்கினார். உச்ச வேகம் மட்டும் ஓடி மற்றவை ஓடாவிட்டால் ரெசிஸ்டர் போய்விட்டது என்று பொருளாம். மோட்டாருக்கு வரும் இரு கம்பிகளில் டெஸ்ட் லாம்பை இணைத்தார். அது பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் வருகிறதே என்று நான் வியந்தேன். அவர் சிரித்து, டெஸ்ட் லாம்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்தார். அது மங்கலாகச் சிவந்ததே தவிர எரியவில்லை. "சின்ன விளக்குக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும், கெட்ட இணைப்பும் அத கொடுத்துடும். பெரிய பல்பு நிறைய கேக்கும், மோட்டார் அதைவிட அதிகமா கேக்கும். பாரம் ஏத்தினாத்தான் இணைப்போட யோக்கியதை தெரியும்" என்றார்.

கம்பியைப் பின்தொடர்ந்து குளோவ் பாக்ஸின் பின்னால் இருந்த கனெக்டரைப் பிரித்தார். உள்ளே ஒரு டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. நான் இத்தனை நாள் தட்டியபோது அசைந்தது இந்தக் கனெக்டர்தான். காரணத்தையும் தேடினார். முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் துளையை இலைச் சருகு அடைத்திருந்தது. வேப்பமரத்தடியில் காரை நிறுத்தும் வழக்கம் எனக்கு. தேங்கிய நீர் உள்ளே கசிந்து களிம்பை உண்டாக்கியது, களிம்பால் மின்தடை, தடையால் சூடு, சூட்டால் டெர்மினலின் பிடி தளர்ந்து மேலும் தடை. இப்படியே முற்றியிருக்கிறது.

பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கருகிய பகுதியை வெட்டி நீக்கி, தகுந்த கனத்தில் கம்பியும் புதிய கனெக்டரும் அழுத்திப் பொருத்தினார். கம்பிகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் மீண்டும் சூடேறும் என்றார். ஓடாத புளோயரை ஓடவைக்கப் பெரிய பியூஸ் போடுவோரும் உண்டாம். அப்படிச் செய்தால் பியூஸ் எரிய வேண்டிய இடத்தில் கம்பி எரியும் என்று எச்சரித்தார். சருகை அள்ளி, நீர் ஊற்றி, வடிகிறதா என்றும் பார்த்தார். முழு அமைப்பையும் மாற்ற முதலில் கேட்கப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கும் செலவாகவில்லை.

இளைஞர் தாமே பலமுறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், "வேற எதாவது இருக்கா பாய்?" என்று கேட்டார். முந்தைய நாள் கேட்டிருந்தால் அது சாதாரணக் கேள்வி. இப்போது அதில் ஐயம் இருந்தது. அந்த ஐயத்தை அவருக்குள் வைத்தவன் நான். பின்கதவில் ஒருமுறை இடித்துச் சீர்செய்ததையும், ஸ்டெப்னி டயர் பழையது என்பதையும் சொன்னேன். மழைக்காலம் முடிவதற்குள் புளோயர் மீண்டும் நின்றால் காரைத் திருப்பித் தரலாம் என்றும் வாக்களித்தேன். பேசிய விலையில் இரண்டாயிரம் குறைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அன்பிற்குரியவர்களே! விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் செய்யப்படும், மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பல ஆண்டுகள் அதை நான் ஓதிக்கொடுத்திருக்கிறேன். ஓதும்போது என் ஈமான் பளிச்சென்று எரிந்தது. சில ஆயிரம் ரூபாயின் பாரம் ஏறியபோதுதான் இணைப்பின் நிலை எனக்கே தெரிந்தது.

பட்டறையிலிருந்து திரும்பும் வழியில் மகனிடம் சொன்னேன்: "நேத்து அத்தா உனக்குச் சொன்ன பதில் தப்பு." அவன் தலையசைத்தான். அந்த இளைஞரிடம் ஒப்புக்கொண்டதைவிட அதைச் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. பிள்ளைகளுக்கு நாம் பாடம் நடத்துவது மத்ரஸாவில் மட்டுமன்று. வீட்டு வாசலில் ஒரு பொருளை விற்கும்போதும் அவர்கள் அருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் கொடுக்கல் வாங்கல்களில் மறைவானதையும் வெளிப்படுத்தும் நேர்மையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.