அண்ணிக்கு மூன்று பெயர்

நியூமராலஜி பார்த்து பெயரில் ஒரு எழுத்தை இரட்டிப்பாக்கும் ஆசாமிகள் நம்மூரில் உண்டு. தாய்லாந்தில் இது இன்னும் ஒரு படி மேலே. உடம்பு படுத்தினாலோ, வியாபாரம் படுத்தாலோ, முதல் பெயரையே மாற்றிவிடுவார்கள். கெஜட், இரண்டு பேப்பரில் விளம்பரம் என்ற நம் பாடெல்லாம் அங்கே இல்லை. வட்டார அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் ஒரு தாள் தருவார்கள், அவ்வளவுதான். முதல் பெயர் மாறினால் 'ச்சோ 3', குடும்பப் பெயர் மாறினால் 'ச்சோ 5'.

வம்பெல்லாம் அந்தத் தாள்கள் தேசம் தாண்டும்போதுதான்.

பெரியப்பா மகன் 2006ல் கட்டிக்கொண்டது கோன் கேன் பக்கத்துப் பெண்ணை. இந்தியரின் மனைவி 7 வருடம் இங்கே வசித்திருந்தால், 1955ஆம் வருடச் சட்டப்படி குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2017ல் டில்லியில் அதற்காக உட்கார்ந்தோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். பன்னிரண்டு வயதில் டைஃபாய்டில் கிடந்தபோது, பிள்ளை பிழைக்கட்டும் என்று அவர் அம்மா மாற்றிய பெயர் இரண்டாவது. கல்யாணத்துக்குப் பின் குடும்பப் பெயரும் மாறி மூன்றாவது. (2005லிருந்து அங்கே பெண்கள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்ளலாம், அண்ணிதான் கேட்கவில்லை. அண்ணனுக்கோ வெறும் இனிஷியல்! கடைசியில் பெரியப்பாவின் பெயர் தாய் எழுத்தில் ஏறிவிட்டது.)

ஆக, மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்ட பிறப்புச் சான்றிதழ், ச்சோ 3, கல்யாணச் சான்றிதழ், ச்சோ 5 எல்லாமே வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் சங்கிலி அறுந்தது. அண்ணியே நேரில் போனார். ஆங்கில மொழிபெயர்ப்பு, பாங்காக் சேங் வத்தனா சாலையில் வெளியுறவு அமைச்சக முத்திரை (அப்போது ஒன்றுக்கு 200 பாட், அன்றைக்கே வேண்டுமென்றால் 400), அதன்மேல் நம் தூதரக முத்திரை.

நிஜமான தலைவலி எழுத்துக்கூட்டல். அண்ணி பெயரின் வால் நம்ம 'வரம்'தான். அங்கே கடைசி 'ர' எழுத்தை 'ன்' என்று படிப்பார்கள். பாஸ்போர்ட்டில் அது பி-ஓ-ஆர்-என். (டில்லியில் அதற்கு வந்த இளிப்புகளை விடுங்கள்.) மொழிபெயர்ப்பாளரோ அரசு முறைப்படி பி-எச்-ஓ-என் என்று போட்டுவிட்டார். நான்காவதாக ஒரு பெயர்! நல்லவேளை, முத்திரைக்கு முன்னால் அண்ணி கவனித்துவிட்டார். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். வருடத்தையும் பாருங்கள். ச்சோ 3ல் இருப்பது புத்த வருடம், 2531. 543 கழித்தால் 1988. இரண்டையும் போடவில்லையென்றால், இங்கே கவுண்டரில், "இந்த வருஷம் இன்னும் வரவேயில்லையே" என்பார்கள். எங்களிடம் சொன்னார்கள்.

அதே கவுண்டரில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். அண்ணி அசையவில்லை. முப்பது வருடமாக யாரும் கூப்பிடாத பெயர். அண்ணன்தான் முழங்கையால் இடித்தார்.

2019ல் குடியுரிமை கிடைத்தது. இரண்டு தேசத்துக் குடியுரிமை நம் சட்டத்தில் கிடையாது. அந்த பாஸ்போர்ட் போயிற்று. அன்று ராத்திரி அண்ணி அம்மாவுக்குப் போன் போட்டு ரொம்ப நேரம் பேசினார். தாய் மொழியில் பேசியதால், எங்களுக்குப் புரிந்தது 'விசா' என்ற ஒரு சொல்தான்.