விரலின் சுவடு

ஸ்பானியக் கலைஞர் அந்திரேஸ் செகோவியாவின் (1893–1987) கிற்றார் ஒலிப்பதிவுகளைச் செவிமடுப்போர், சுரங்களினிடையே மெல்லிய கீச்சொலியையும் கேட்பர். தடித்த நரம்புகளின்மீது உலோகக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். இடக்கை விரல் அச்சுற்றுகளை உரசி நகர்கையில் அவ்வொலி பிறக்கின்றது. நகர்வு விரைவுறின் அதன் சுருதியும் உயரும்.

இதனைத் தணிக்க வழிகள் உள. மெருகிட்ட நரம்புகளைப் பூட்டலாம். ஒலிவாங்கியை இடக்கையினின்றும் விலக்கி வைக்கலாம். ஆயினும் முதன்மையானது பயிற்சியே: இடம்பெயருமுன் விரலை நேரே உயர்த்துதல் வேண்டும். இங்கேதான் கலைஞனுக்குச் சோதனை. முந்தி உயர்த்தின் சுரம் அறுந்துவிடும். உயர்த்தாவிடின் நரம்பு கீச்சிடும்.

பதிவான பின்னர் கணினியாலும் அவ்வொலியைப் பெரிதும் குறைக்கலாம். எனினும், இசையை மறைக்கும் ஓசையைக் களைவது வேறு. உழைத்த விரலின் சுவட்டையே அழிப்பது வேறு. சுரம் அறாதிருக்க எழுந்த சிறு கீச்சொலி குற்றமாகாது.