குழந்தைகளைப் பிடிக்காத பெண்மணி

எங்கள் ஆபீஸ் வாசலில் யாரை வேண்டுமானாலும் உள்ளே விடுவார்கள். கிரெடிட் கார்டு விற்பவர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், முறுக்கு-சீடை விற்கும் மாமி, எல்லாருக்கும் அனுமதி உண்டு. நன்கொடை கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் தடா. அன்றைக்கு செக்யூரிட்டி டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து ஒரு பையனும் பெண்ணும் நுழைந்துவிட்டார்கள். கழுத்தில் அடையாள அட்டை. கையில் டேப்லெட். அதில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தையின் படம். எந்த நாடு என்று தெரியவில்லை. நம் நாடு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"ஸார், ரெண்டே ரெண்டு நிமிஷம்..."

அடுத்த பத்து விநாடிகளில் எங்கள் செக்ஷன் காட்டிய சுறுசுறுப்பை மார்ச் 31-ல்கூட நான் பார்த்ததில்லை. ஒருவர் அடிக்காத செல்போனை எடுத்து "சொல்லுங்க ஸார்" என்றார். இன்னொருவர் ஏற்கெனவே கழுவிய டிபன் பாக்ஸை மறுபடி கழுவப் போனார். ரிடையர் ஆக ஒன்றரை வருஷம் இருக்கிற எங்கள் சீனியர் மட்டும் அசையவில்லை. அவர் எதற்கும் அசைய மாட்டார்.

"ஏம்ப்பா, நம்ம ஊர்ல பசிக்கிற கொழந்தையே இல்லியா? எவனோ எங்கியோ சண்டை போடுவான், அவன் கொழந்தைக்கு நான் பால் பவுடர் வாங்கித் தரணுமா?"

அந்தப் பையன் திருதிருவென்று விழித்தான். அவனுக்குக் கொடுத்த பயிற்சியில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை போலிருக்கிறது. "தேங்க் யூ ஸார்" என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பிவிட்டார்கள். பட்டிமன்றம் மட்டும் கான்டீன் காபி வரை தொடர்ந்தது. "இதுல பாதி ஆபீஸ் செலவுக்கே போயிடும்" என்றது ஒரு குரல். "போட்டோவைக் காட்டி அழவைக்கறாங்க" என்றது இன்னொன்று.

எங்கள் சீனியரின் கேள்வி புதுசு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே லண்டனில் இதை இன்னும் சூடாகக் கேட்டிருக்கிறார்கள். அங்கே பதில் சொன்னது ஒரு பெண்மணி. அதற்காக போலீஸ் பிடித்துக்கொண்டு போய்க் கோர்ட்டில் நிறுத்தியது.

அவர் பெயர் எக்லன்டைன் ஜெப். நாக்கு கொஞ்சம் சுளுக்கும், பரவாயில்லை. 1876-ல் பிறந்தவர். வசதியான குடும்பம், ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு. டீச்சர் வேலைக்குப் போனார், இரண்டு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். அவருக்குக் குழந்தைகள் என்றால் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது! கூட்டமாகக் கூச்சல் போடும் பிள்ளைகளைப் பற்றி சொந்தக் கடிதங்களில் எரிந்து விழுந்திருக்கிறார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை.

இப்படிப்பட்டவர்தான் உலகத்துக் குழந்தைகளுக்காக 'ஸேவ் தி சில்ட்ரன்' ஆரம்பித்தார். இதை முதலில் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி. குழந்தையைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளி 'ச்சோ ச்வீட்' சொல்கிறவர்கள்தான் இந்த வேலைக்குத் தகுதி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம்.

கதைக்கு வருவோம். முதல் உலகப்போர் 1918 நவம்பர் 11-ல் ஓய்ந்தது. பீரங்கிகள்தான் ஓய்ந்தன. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் உணவுக் கப்பல்கள் போகவிடாமல் பிரிட்டனும் கூட்டாளி நாடுகளும் போட்டிருந்த கடல் முற்றுகை நீடித்தது. சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்து விழட்டும், அப்புறம் சாப்பிடலாம் என்ற கணக்கு. பெரியவர்கள் பேசி முடிக்க அடுத்த வருஷம் பாதி ஆகிவிட்டது. அதற்குள் வியன்னாவில் பாலில்லாமல், ரொட்டியில்லாமல், எலும்பு வளைந்த குழந்தைகளால் ஆஸ்பத்திரிகள் நிரம்பின.

இது லண்டன்காரருக்குத் தெரியாது. எக்லன்டைனின் தங்கை டோரத்தி பக்ஸ்டன் எதிரி நாட்டுப் பத்திரிகைகளை அனுமதி வாங்கி வரவழைத்து, போர்க் காலத்திலேயே மொழிபெயர்த்து ஒரு பத்திரிகையில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அதில் ஒத்தாசை. அப்படித்தான் விஷயம் கண்ணில் பட்டது.

1919-ல் எக்லன்டைன் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அதில் ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படம். உடம்பைவிடத் தலை பெரிதாகத் தெரியும். கை கால்கள் குச்சி. படத்தின் கீழே, நம்முடைய முற்றுகைதான் இதைச் செய்தது என்ற பொருளில் நாலு வரி.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இந்த மாதிரிப் படங்கள் எனக்கு அறவே பிடிக்காது. ஈ மொய்க்கும் முகத்தை குளோசப்பில் எடுத்து மேலே வங்கிக் கணக்கு எண்ணைப் போடுவது, அந்தக் குழந்தையை இன்னொரு தடவை அவமானப்படுத்துகிற காரியம் என்பது என் கட்சி. ஆனால் டிரஃபால்கர் படம் வேறு ஜாதி. 'ஐயோ பாவம், காசு போடு' என்று அது சொல்லவில்லை. 'இதைச் செய்தது உங்கள் கவர்மென்ட், நிறுத்தச் சொல்லுங்கள்' என்றது. பரிதாபத்தைக் கேட்கிற படத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். குற்றம் சாட்டுகிற படத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அரசாங்கத்துக்குக் கோபம் வந்ததும் அதனால்தான்.

யுத்தகாலச் சட்டம் அப்போதும் அமலில் இருந்தது. சென்சாருக்குக் காட்டாமல் பிரசுரம் அச்சிட்டது குற்றம். கைது, மே மாதம் வழக்கு. எக்லன்டைன் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. சட்டப்படி பார்த்தால் தப்பிக்க வழியே இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, பட்டினி கிடக்கும் குழந்தைகளைப் பற்றியே பேசினார். கூண்டைச் சுற்றி பேப்பர்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்களே, அவர்களுக்காக! சென்சார் தடுத்த செய்தி மறுநாள் கோர்ட் நியூஸாக வெளியே வந்துவிடும் இல்லையா? பயங்கரமான மூளை.

அரசுத் தரப்பில் வாதாடியவர் ஸர் ஆர்ச்சிபால்ட் பாட்கின். கறாரான மனிதர் என்று பெயர். தீர்ப்பு: குற்றவாளி, அபராதம் 5 பவுண்டு. எல்லாம் முடிந்ததும் பாட்கின் நேராக எக்லன்டைனிடம் வந்தார். தன் பையிலிருந்து 5 பவுண்டு நோட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

சட்டத்துக்கு அவர் கடமை முடிந்துவிட்டது. இது அவருடைய சொந்தக் கணக்கு!

எக்லன்டைன் அந்த நோட்டை அபராதத்துக்குக் கட்டவில்லை. தொடங்கப்போகும் நிதிக்கு முதல் வரவாக வைத்துக்கொண்டார். தனக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்த வக்கீலிடமிருந்தே முதல் நன்கொடை. இருபது வருஷமாக ரசீது புக் எழுதுகிற எனக்கு, இதைவிட அழகான முதல் என்ட்ரி உலகத்தில் எந்த லெட்ஜரிலும் இருப்பதாகத் தோன்றவில்லை.

அதே மே 19-ந் தேதி லண்டன் ஆல்பர்ட் ஹாலில் பொதுக்கூட்டம். நிதி அங்கேதான் முறைப்படி தொடங்கியது. 'எதிரிக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிற துரோகிகள்' மேல் வீச அழுகிய காய்கறிகளோடு வந்தவர்களும் உண்டு என்கிறது அவர் வாழ்க்கை வரலாறு. நியாயத்துக்கு அவர்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். அண்ணனையோ மகனையோ போர்முனையில் பறிகொடுத்து ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆன ஜனங்கள். எக்லன்டைன் தயங்கித் தயங்கித்தான் பேச ஆரம்பித்தார். போகப் போகக் குரல் ஏறியது. காய்கறி பறக்கவில்லை. பணம் வந்தது. பெர்னார்ட் ஷாவிடமும் இதே கேள்வியை யாரோ கேட்க, ஏழு வயதுக்குக் கீழே தனக்கு எதிரிகளே கிடையாது என்கிற மாதிரி பதில் சொன்னாராம். அந்தத் தாடிக்கார மனுஷனுக்கு எதற்கும் ஒரு வரி தயாராக இருக்கும்.

அப்புறம் எக்லன்டைன் செய்ததுதான் என்னைப் போன்ற அக்கவுன்ட்ஸ் ஆசாமிகளுக்கு இனிக்கிற பகுதி. தர்ம காரியத்தை கம்பெனி மாதிரி நடத்தினார். விளம்பரத்துக்கென்று விவரம் தெரிந்த ஆளை வேலைக்கு வைத்தார். பேப்பரில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். 'ஏழைக் குழந்தை பணத்தில் விளம்பரமா?' என்று மற்ற தர்ம ஸ்தாபனங்கள் முகம் சுளித்தன. எங்கள் கான்டீன் குரலேதான்! 100 ரூபாய் செலவு பண்ணி 1,000 ரூபாய் வந்தால் அது செலவா, வரவா? அதைக் கேட்காமல் 'ஆபீஸ் செலவு எவ்வளவு' என்று மட்டும் கேட்கிறவர் பாதி பாலன்ஸ் ஷீட்டைத்தான் படிக்கிறார். மீதிப் பாதியையும் கேளுங்கள், அது நம் உரிமை. கணக்குக் காட்டாத ஸ்தாபனத்துக்கு ஒரு பைசா தராதீர்கள். அதை ஒரு சாக்காக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

1921-ல் ரஷ்யாவில் வோல்கா கரையில் பெரும் பஞ்சம். அங்கே ஆட்சியில் இருந்தது கம்யூனிஸ்டுகள். ஆஸ்திரியக் குழந்தையாவது தோற்ற எதிரியின் குழந்தை. இது ஜெயித்துக்கொண்டிருக்கிற எதிரியின் குழந்தை! லண்டனின் பெரிய தினசரி ஒன்று பஞ்சமே பொய் என்கிற ரீதியில் எழுதித் தள்ளியது. எக்லன்டைன் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. பஞ்சப் பிரதேசத்தை சினிமாப் படமாக எடுத்துவரச் செய்து ஊர் ஊராகத் திரையிட வைத்தார். அந்த செப்டம்பரில் 'டார்செல்லோ' என்ற கப்பல் 600 டன் உணவு, மருந்துகளோடு லண்டனிலிருந்து கிளம்பியது. சரடோவ் பகுதியில் சமையல்கூடங்கள் திறந்தார்கள். ஒரு உயிருக்கு வாரத்துக்கு ஒரு ஷில்லிங் என்று கணக்குப் போட்டு, சுமார் மூன்று லட்சம் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள்.

பஞ்சத்துக்குப் பஞ்சம் பாத்திரம் தூக்கிக்கொண்டு ஓடினால் போதாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். 1923-ல் ஜெனிவா பக்கத்தில் ஸலேவ் மலைக்கு ஏறிப் போனார். இறங்கும்போது குழந்தைகளின் உரிமைகள் என்று ஐந்தே ஐந்து அம்சங்கள் தயார். நம் ஆபீஸில் லீவ் ரூல்ஸ் மட்டுமே நாற்பது பக்கம்! பசித்த குழந்தைக்குச் சோறு, நோயுற்ற குழந்தைக்குப் பராமரிப்பு, அனாதைக்கு நிழல், சுரண்டலிலிருந்து பாதுகாப்பு என்று போகும். எனக்குப் பிடித்தது மூன்றாவது: ஆபத்துக் காலத்தில் உதவி முதலில் போய்ச் சேர வேண்டியது குழந்தைக்குத்தான். இனம், தேசம், மதம் எதுவும் பார்க்கக்கூடாது என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். 1924-ல் சர்வதேச சங்கம் அதை ஏற்றது. 1928 டிசம்பரில் ஜெனிவாவிலேயே எக்லன்டைன் காலமானார். வயது 52.

அந்த ஐந்து அம்சங்கள்தான் வளர்ந்து வளர்ந்து, 1989-ல் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை ஆயின. 1992-ல் இந்தியா சேர்ந்தது. ஐ.நா. உறுப்பு நாடுகளில் இன்னும் அதை உறுதி செய்யாதது அமெரிக்கா மட்டும். 1995-ல் கையெழுத்துப் போட்டதோடு சரி.

"அட, எல்லாம் பேப்பர்ல இருக்குப்பா" என்றார் எங்கள் சீனியர், இந்தக் கதையை நான் சொல்லி முடித்ததும். பேப்பரில் மட்டும் இல்லை. எல் சால்வடார் என்று மத்திய அமெரிக்காவில் சின்ன நாடு. 1980களில் அரசாங்கத்துக்கும் கொரில்லாக்களுக்கும் கடும் உள்நாட்டுப் போர். ஊசி போட்டால் தடுக்கக்கூடிய தட்டம்மை மாதிரி நோய்களில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிரான்ட் நேரே போய் அதிபர் டுவார்ட்டேயைப் பிடித்தார். சண்டையில் சாகிறவர்களைவிட ஊசி இல்லாமல் சாகிற குழந்தைகள் அதிகம், ஊசி போட யுத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்பது அவர் வாதம். லீவ் லெட்டர் மாதிரி இல்லை? கொரில்லாக்களிடம் கத்தோலிக்கச் சர்ச் தூது போனது. இரு தரப்பும் தலையாட்டின.

1985-ல் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். துப்பாக்கிகள் மூலையில் சாய்ந்தன. ராணுவம் இருந்த ஊரிலும் கொரில்லா இருந்த ஊரிலும் அம்மாக்கள் கைக்குழந்தைகளோடு வரிசையில் நின்றார்கள். இரண்டரை லட்சம் குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். திங்கட்கிழமை மறுபடி சுட ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் மறுபடி மூன்று நாள் லீவு. 1992-ல் சமாதானம் ஆகிறவரை வருஷம் தவறாமல் இப்படி.

இலங்கையில்கூட 1995-லிருந்து இந்த மாதிரி நாட்கள் உண்டு. போலியோ சொட்டு மருந்துக்காக. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே போன நர்ஸுகளுக்கு, துப்பாக்கி வைத்திருந்த இரண்டு தரப்பும் வழிவிட்டு நின்றன.