கண்டிச் சீமையின் பாதைகள்

தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் வட்டாரங்களின் கிராமங்களில் கண்டி என்பது நெடுங்காலம் ஒரு நகரத்தின் பெயராக வழங்கவில்லை. இலங்கையின் மலைநாடு முழுவதையுமே நம் பாட்டன்மார் கண்டிச் சீமை என்றனர். பஞ்சத்துக்குப் பிழைக்கப் போனவன் ஹட்டனில் இருந்தாலும் பதுளையில் இருந்தாலும், ஊரார் வாயில் அவன் கண்டிக்குப் போனவன்தான். கண்டி நகரைக் கண்ணால் காணாமலே கண்டிக்காரராக வாழ்ந்து மடிந்தோர் எத்தனையோ பேர். இந்த நினைவைச் சுமந்துகொண்டு அந்நகருக்குச் செல்லும் தமிழன் வெறும் உல்லாசப் பயணியாக இருந்துவிட முடிவதில்லை. நாம் அங்குத் தங்கிய சில நாட்களில், எந்த வண்டியில் ஏறி எங்கே போவது என்ற மிகச் சாதாரணமான கேள்வியே, இந்தப் பாதைகள் யாருக்காகப் போடப்பட்டன என்ற கேள்வியாக மாறிக்கொண்டிருந்தது.

கொழும்பிலிருந்து கண்டிக்கு 121 கிலோமீட்டர். ரம்புக்கனைவரை சமவெளியில் ஓடும் ரயில், அதன்பின் கடுகண்ணாவை நோக்கி மலையைத் தொற்றிக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. ஒருபுறம் பாறை, மறுபுறம் அதலபாதாளம். பயணிகள் அனைவரும் பள்ளத்தாக்கு இருக்கும் பக்கத்துக்கு ஓடுவார்கள், நாமும் ஓடினோம். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் இந்த அழகைக் காட்டுவதற்காக எவரும் இங்கே தண்டவாளம் பதிக்கவில்லை. 1854இல் கண்டியில் கூடிச் சங்கம் அமைத்துக்கொண்ட வெள்ளைத் தோட்ட முதலாளிகள், தங்கள் காப்பியை மாட்டுவண்டியில் துறைமுகத்துக்கு அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை என்று அரசாங்கத்தை நெருக்கினர். 1858இல் முதல் மண் வெட்டப்பட்டது. 1867இல் ரயில் கண்டியை எட்டியது. டார்ஜீலிங்கின் சிறு ரயில் 1881இல் வந்ததும் இதே கதைதான். தேயிலை கீழே இறங்குவதற்குப் போட்ட பாதையில்தான் மனிதன் மேலே ஏறி இயற்கைக் காட்சியைக் கண்டு களிக்கிறான். இந்தப் பாதை நிரந்தரமானது என்றும் எண்ண வேண்டாம். 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலில் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து பெரும் உயிர்ச்சேதம் விளைந்தது. மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் அறுபட்டது.

கண்டி நிலையத்தில் இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வர். ஏறுவதற்கு முன் கூலியைப் பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஆனால் நகருக்குள் ஓட்டோ தேவையே இல்லை. நிலையத்திலிருந்து சந்தை, மணிக்கூட்டுக் கோபுரம், தலதா வீதி, ஏரிக்கரை எல்லாம் நடக்கும் தூரம். வழியில் நாம் நின்று பார்த்தது போகம்பரைச் சிறைச்சாலையின் மதிலை. வழிகாட்டி நூல்கள் அதற்கு அதிக இடம் தருவதில்லை. 1907இல் கண்டியில் பணியாற்ற வந்த இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப், கடமையின் பெயரால் இங்கே தூக்குத் தண்டனைகளுக்குச் சாட்சியாக நிற்க நேர்ந்தது. பின்னாளில் அவர் ஏகாதிபத்தியத்தின் எதிரியானார். இரண்டாம் உலகப் போரின்போது என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இடதுசாரித் தலைவர்கள் அடைக்கப்பட்டிருந்ததும், 1942 ஏப்ரலில் சிறைக்காவலர் ஒருவரின் துணையோடு தப்பியதும் இந்த மதிலுக்குள்ளிருந்துதான். அதே போரில், 1944இல், மவுண்ட்பேட்டன் தமது படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். சிறைக்கும் பூங்காவுக்கும் இடையே பஸ்ஸில் சிறிது தூரமே! 2014இல் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர், மதில் நிற்கிறது.

ஏரியைச் சுற்றி நடக்க ஒரு மணி நேரம் போதும். நாயக்கர் வம்சத்துக் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வயல்வெளியைத் தேக்கி 1807இல் தொடங்கிய ஏரி அது. கட்டாய உழைப்பால் வெட்டப்பட்டது. முணுமுணுத்தவர்களை அரசன் கழுவேற்றினான் என்றும் கூறுவர். கூறியவர்கள் அவனை 1815இல் பிடித்து வேலூருக்கு அனுப்பிய ஆங்கிலேயர் என்பதையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். அவர்களும் பின்னர் கண்டிச் சாலையைப் போட அதே இராஜகாரியக் கட்டாய உழைப்பைத்தான் நாடினர். தலதா மாளிகைக்கு எதிரே நாத, விஷ்ணு தேவாலயங்களின் அருகில் பத்தினித் தேவாலயம் இருக்கிறது. பத்தினி வேறு யாருமல்லள், நம் கண்ணகியே. சிங்களத் தாய்மார் பூத்தட்டோடு அங்கே நிற்பதைக் கண்டபோது, இனப்பகை பேசுவோர் இந்த வாசலில் ஒரு நாழிகை நிற்கலாகாதா என்று தோன்றியது.

இந்த வட்டத்துக்குள் சுற்றுலாக் கண்டி முடிந்துவிடுகிறது. இதற்கு வெளியே போக விரும்புவோர்க்கு நாம் கூறுவது ஒன்றே: ஊர் பஸ்ஸில் ஏறுங்கள். தொலைதூர வண்டிகள் நெடுங்காலம் ரயில் நிலையத்தருகே குட்செட்டிலிருந்து புறப்பட்டு வந்தன; அதுவும் சரக்குக் கிடங்கின் பெயரேயன்றி மனிதர்க்கான பெயரன்று. அக்கம்பக்கத்து ஊர்களுக்கான வண்டிகள் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்கும். 1958 ஜனவரி முதல் நாளில் பஸ் கம்பெனிகளை அரசுடைமையாக்கிப் போக்குவரத்துச் சபை அமைத்தனர். 1979இல் தனியார் மீண்டும் நுழைந்தனர். அன்று முதல் சிவப்பு வண்டியும் தனியார் வண்டியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. முன் ஆசனம் மதகுருமார்க்கு ஒதுக்கியது. தெரியாமல் உட்கார்ந்த வெளிநாட்டார் எழுந்து வழிவிடுவதைக் காணலாம். தமிழ் 1987இல் ஆட்சிமொழியாகிவிட்டது, எனினும் பஸ்ஸுக்குள் அது இன்னும் தாழ்ந்த குரலிலேயே பேசப்படுகிறது.

ஹந்தானை மலைமேல் 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலையை அருங்காட்சியகமாக்கியிருக்கின்றனர். 1867இல் லூல்கந்துரையில் முதன்முதலாக வணிக முறையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருள்களை அங்கே பேணி வைத்திருக்கின்றனர். ரயில் வந்த ஆண்டும் தேயிலை வந்த ஆண்டும் ஒன்றே. இரண்டே ஆண்டுகளில் காப்பிக்கு இலைநோய் கண்டது. காலப்போக்கில் காப்பிக்குப் போட்ட பாதையெல்லாம் தேயிலைக்கு ஆயிற்று. டெய்லர் கெட்டிக்காரர், உழைப்பாளி. நாற்பதாண்டுகள் உழைத்த அவரையே 1892இல் வேலையிலிருந்து நீக்கினர். அதே ஆண்டில் தோட்டத்திலேயே மாண்டார். அவருடைய கனத்த உடலைத் தொழிலாளர் இரு அணிகளாக முறை மாற்றித் தோளில் சுமந்து கண்டி மஹையாவைக் கல்லறைக்குக் கொண்டுவந்தனர். டெய்லரின் பெயரைத் தேயிலை குடிக்கும் உலகம் அறியும். அவரைச் சுமந்தவர்களின் பெயர்களை எங்கே பேணி வைத்திருக்கின்றனர்?

அவர்கள் வந்த பாதையைக் காண நாம் மாத்தளைக்குச் சென்றோம். 1880இல் போட்ட கிளைப் பாதையில் ரயில் ஆடி அசைந்து போகிறது. அதற்கு முன்னும், அதற்குப் பின் வெகுகாலமும், மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் தம்புள்ளை வழியாகக் காட்டை ஊடறுத்து நூற்றுக்கு மேற்பட்ட மைல்கள் நடந்தே இங்கு வந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். உயிர் தப்பி மலையடிவாரத்தை அடைந்த இடம் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோயிலின் உயர்ந்த கோபுரத்தை இன்று பயணிகள் படம் பிடிக்கிறார்கள்.

அத்தனை தூரம் நடந்து வந்தவன், வந்து சேர்ந்தபின் நடமாடும் உரிமையை இழந்தான் என்பதே இந்த வரலாற்றின் கொடுமை. கடன் தீர்ந்தது என்ற துண்டுச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற இயலாது. 1921வரை அந்தத் துண்டு முறை நிலவியது. வெளியார் லயத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. மாத்தளைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்தில் வேலை பழக வந்த ஆஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில் தொழிலாளர் பக்கம் நின்றதற்காக, 1937இல் அவரை நாடு கடத்தவே முனைந்தது அரசு. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதி முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் போலீசின் குண்டுக்குப் பலியானார். 1948இல் சட்டம் போட்டுக் குடியுரிமையையே பறித்தனர். 1964இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்டு, ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதென்றும் மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும் பங்கிட்டனர். தேயிலைக்காகப் போட்ட தண்டவாளத்தின் மீது, தலைமன்னாரை நோக்கி மனிதர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. எஞ்சியோர்க்கு முழுக் குடியுரிமை கிடைக்க 2003வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாம் ஹேவாஹெட்டக்குப் போகும் பஸ்ஸில் ஏறியது ஒரு பிற்பகலில். தலாத்துஓயாவைக் கடந்ததும் பாதை ஒடுங்கி வளைந்து ஏறுகிறது. பக்கத்து ஆசனத்தில் கோதுமை மாவு மூட்டையை மடியில் வைத்திருந்த முதிய தாய் ஒருவர் நம்மை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி எந்தத் தோட்டத்துக்குப் போறீங்க?"

"தோட்டத்துக்கு இல்லையம்மா, ஊர் பார்க்க வந்தோம்."

அவர் பல்லில்லாத வாயால் சிரித்தார். "எங்க பாட்டனும் ஊரு பாக்கத்தான் வந்தாராம்."

அவருடைய மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பேரன் பள்ளிக்குச் செல்ல மெயின் ரோட்டுக்கு இரண்டு மைல் இறங்கி வர வேண்டும், மழைக்காலத்தில் அட்டை. உடம்புக்கு முடியாதவர்களை லயத்திலிருந்து கம்பளியில் தூக்கித்தான் இறக்குகிறார்கள். "கொழுந்து லாரி மேலே வரைக்கும் வருது தம்பி, பஸ்ஸு வராது" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வழி சொல்வதுபோல் சொன்னார். கடிதம் போட விரும்பினால் எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று கேட்டோம். தோட்டத்துப் பேரைப் போட்டால் ஆபீசுக்கு வந்து சேரும், அங்கே யாராவது எடுத்துத் தருவார்கள் என்றார்.

பெயர்ப் பலகையோ கூரையோ இல்லாத ஒரு வளைவில் அவர் மணியை அடித்தார். சிங்களக் கண்டக்டர் இறங்கி, "அம்மே, ஹெமின்" என்று சொல்லி மூட்டையை வாங்கிக் கீழே வைத்துப் பின் அவர் தலையில் ஏற்றிவிட்டார். தேயிலைச் செடிகளுக்கு இடையே செங்குத்தாக ஏறும் கற்படிகளில் அவர் கால் வைத்ததைக் கண்டோம். லயம் எங்கும் தென்படவில்லை. கண்டக்டர் தொற்றி ஏறி விசில் கொடுத்தார்; நாம் ஹேவாஹெட்டவரை சீட்டு வாங்கியிருந்தோம்.