பார்க்காத 'படகோட்டி'

எம்.ஜி.ஆருக்கு நடிக்கத் தெரியாது என்று காரைக்காலில் ஒரு டீக்கடை விடாமல் வாதாடியவன் நான். அவர் படம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்காமலே வாதாடினேன். வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை.

நான் சிவாஜி கட்சி. 'பராசக்தி' நீதிமன்ற வசனம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். 'நவராத்திரி'யின் ஒன்பது வேடங்களையும் கட்டபொம்மனுக்குக் கெய்ரோவில் கிடைத்த விருதையும் எடுத்து வீசுவேன். 'தெய்வமக'னில் அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில் நிற்பார்கள். மூன்று பேருக்கும் மூன்று உடம்பு. இதை இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். 1995-ல் செவாலியே பட்டம் வந்தபோது, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் உள்ள ஊரல்லவா, நானே பாரீஸ் போய் வாங்கி வந்த மாதிரி நடந்தேன்.

எதிர்க்கட்சியைப் பற்றிப் பேச எனக்கு சுவரொட்டியும் கேள்விஞானமும் போதும். "இரட்டை வேடம்னா உங்க ஆளுக்கு மீசைதான் மாறும்" என்பேன். 1967-ல் சுடப்பட்ட பிறகு எம்.ஜி.ஆர். குரல் உடைந்ததே, அதை வாயில் துண்டை வைத்துப் பேசிக் காட்டிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். இரவல் குரல் தேடாமல் அந்தக் குரலிலேயே பத்து வருடம் கதாநாயகனாக நின்றார் என்பது அப்போது உறைக்கவில்லை.

1974-ல் அவர் கட்சி தமிழ்நாட்டுக்கு முன்பே எங்கள் புதுச்சேரியில் ஆட்சிக்கு வந்தது. ஒரு மாதம்கூட நிற்கவில்லை. நான் பாயசம் வைக்காத குறை.

அந்த நாட்களில்தான் அது நடந்தது. கிளிஞ்சல்மேட்டு நண்பர் ஒருவர், கட்டுமரத்தில் போகிறவர், டீக்கடையில் என்னை மடக்கினார். "நீங்க பள்ளிக்கூடத்து வாத்தியாரு, அவரு எங்க வாத்தியாரு. 'படகோட்டி' பாத்திருக்கீங்களா?"

"பார்த்தேன். துடுப்புப் பிடிக்கவே தெரியல அவருக்கு" என்றேன்.

கூசாமல் வந்த பொய். பத்து வயதிலிருந்து கடலில் கிடப்பவர் நண்பர். கடைக்காரர் உட்பட எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "அப்டியா? எனக்கு அது தெரியலையே வாத்தியாரே" என்று தலையைச் சொறிந்தார். சட்டை மடிப்புக் கலையாத ஒருவன் சொல்லிவிட்டான் என்பதற்காக, தன் கைக்குத் தெரிந்ததை அவர் சந்தேகப்பட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் சினிமா பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் முழங்கால் வலி என்னை வீட்டில் உட்காரவைத்தது. மத்தியானம் தொலைக்காட்சியில் 'எங்க வீட்டுப் பிள்ளை'. அக்கா புருஷனின் சவுக்குக்குப் பயந்த ராமு, தோளைச் சுருக்கிக்கொண்டு கண்ணை மேலே தூக்காமல் நிற்கிறார். சவுக்கைப் பிடுங்கப்போகும் இளங்கோ படியிறங்கும்போது வேறொருவர் இறங்குகிறார். மீசையில் ஒன்றும் இல்லை. சிவாஜி உணர்ச்சியை நம் முன்னால் விரித்துப் போடுவார். இவர் மடித்து வைத்துக்கொண்டு ஒரு நுனியைக் காட்டுகிறார். அழும்போது மட்டும் கையால் முகத்தை மூடிக்கொள்கிறார். அங்கே நான் இன்னமும் சிவாஜி கட்சிதான்.

இன்னொன்றும் அப்போது விளங்கியது. குடிகாரன், துரோகி, தோற்றுப்போன அப்பா என்று எதற்கும் முகம் கொடுத்தவர் சிவாஜி. 1954-ல், பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அதே வருடம், இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி'யில் நண்பன் மனைவிமேல் ஆசைப்படுகிறவராக வந்தார். எம்.ஜி.ஆரோ குடிக்காத, புகைக்காத ஒரே ஆளைப் படத்துக்குப் படம் கட்டிக் காத்தார். 1989-ல் சிவாஜி திருவையாற்றில் தோற்றபோது ஜனங்களுக்கு நடிப்பு புரியவில்லை என்று திட்டினேன். புரிந்ததால்தான் தோற்றாரோ என்னவோ.

'படகோட்டி'யையும் பார்த்துவிட்டேன், இரண்டு தடவை. அவர் துடுப்புப் பிடித்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நான் துடுப்பைத் தொட்டதே இல்லை.

நண்பர் இப்போது கடலுக்குப் போவதில்லை. சாயங்காலம் அரசலாறு கடலில் சேரும் இடத்தில் வந்து உட்காருவார். நேற்றும் பக்கத்தில்தான் இருந்தேன். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.